நிலைப்படி வரைக்கும்

துடிப்பு இல்லை. இருந்தது, இப்போது இல்லை. இல்லையில்லை, இப்போதும் ஏதோ துடிக்கிறது, அது அவருடையதா தன்னுடையதா என்பதுதான் ஜெரோமுக்குத் தெரியவில்லை. ரயில்வே கேட் மூடிக்கிடக்க ஆம்புலன்ஸ் நடுரோட்டில் நின்றுவிட்டது. இடது கை விரல் இரண்டும் சீனிப்பாண்டியின் கழுத்துப் பள்ளத்தில். வலது கை, அவர் வாயிலிருந்து வெளியே வந்த குழாயின் முனையில் மாட்டிய காற்றுப்பையை அமுக்கிக்கொண்டிருந்தது. அமுக்கு, விடு, பொறு. அமுக்கு, விடு, பொறு. அமுக்கினால் நெஞ்சு ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது, பார்க்கிறவர்களுக்கு ஆள் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்குகிற மாதிரி இருக்கும். நெஞ்சு ஏறுவதில் ஒன்றும் இல்லை, காற்று அடித்தால் பந்துகூடத்தான் ஏறும். விஷயம் கழுத்தில் இருக்கிறது. வண்டி கிளம்பும்போது, அவனுக்குப் பாடம் எடுக்கிற ரெஜினா மேடம் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது அதைத்தான். “ஜெரோம், கேளு. கழுத்துல கைய வச்சு அப்பப்போ பார்த்துக்கிட்டே போ. துடிப்பு நின்னுருச்சுன்னா அந்த நிமிஷமே பையை விட்டுரு. அந்தம்மாகிட்ட அங்கேயே சொல்லிரு. செத்த உடம்புக்குக் காத்தடிச்சுக்கிட்டு ஊர்கோலம் போறது நர்ஸ் வேலை இல்லை. புரியுதா?” புரியுது மேடம் என்றான். எல்லாவற்றுக்கும் அவன் அப்படித்தான் சொல்வான். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது துடிப்பு இருந்தது. கயத்தாறு தாண்டும்போது இருந்தது, நூல் மாதிரி. இப்போது விரலுக்குக் கீழே ஒரு துள்ளல், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ஒரு துள்ளல், அந்தத் துள்ளல் அவனுடைய காதிலும் கேட்கிறது, தொண்டையிலும் முட்டுகிறது. பயந்தவன் விரலில் அவன் ரத்தமே குதிக்கும். இது தெரியாமல் படித்தவனா அவன்? தீவிர சிகிச்சை நர்சிங்கில் எம்.எஸ்ஸி., இரண்டாம் வருஷம். தெரிந்துதான் இப்படி உட்கார்ந்திருக்கிறான்.

“சைரனைப் போடுங்க அண்ணே,” என்றான், சும்மா ஏதாவது சொல்லவேண்டுமே என்று. முன்னால் டிரைவர் மைதீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போட்டா ரயிலு பயந்து ஓரமா நிக்குமாவே? ரெண்டு வண்டி கிராஸிங். பேசாம இரும்.” வண்டிக்குள் வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது, சித்திரை மாசத்து மத்தியானம், ஆக்சிஜன் சிலிண்டர் உஸ்ஸென்று ஒரே சுதியில் அழுதது. எதிரே குட்டி பெஞ்சில் சீனிப்பாண்டியின் பெண்டாட்டி பேச்சித்தாய், புருஷனின் வலது பாதத்தை மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தே தேய்க்கிறாள். பாதத்தில் சிமெண்ட் தின்ற வெடிப்பு, எத்தனை நாள் துடைத்தும் போகாத சாம்பல் நிறம். கொத்தனார். வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தார், சரிந்தார், மூளைக்குள் ரத்தம் கொட்டிவிட்டது, அவ்வளவுதான் கதை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மெஷினின் கதை. மெஷின் மூச்சுவிட்டது, மருந்து ஊசி ரத்த அழுத்தத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்தது, கண்ணில் டார்ச் அடித்தால் கருமணி சுருங்கவில்லை. பெரிய டாக்டர் இன்றைக்குக் காலையில் பேச்சித்தாயைக் கூப்பிட்டு இனிமேல் ஒன்றும் இல்லை என்றார். அவள் அழவில்லை. “அப்ப மூச்சோட வீட்டுக்குக் கொண்டுபோயிருதேன் சார்,” என்றாள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் கேட்பதுதான். பை அமுக்க ஆளைக் கூட்டி, உயிரோடு வீட்டுக்குள் கொண்டுபோய், கட்டிலில் போட்டு, வாயில் பால் ஊற்றி, அப்புறம் குழாயை உருவச் சொல்வார்கள். வழக்கமாக இந்த வேலைக்கு ஆம்புலன்ஸ் கூட வருகிற ஒரு பையன் போவான், பீடி வாசனையோடு. பேச்சித்தாய்தான் கேட்டாள், இந்தத் தம்பி வரட்டும் என்று. இந்தத் தம்பி. வேறு யாரையாவது கேட்டிருக்கலாம்.

மருந்து ஊசியைக் கழற்றியது அவன்தான். அங்கேதான் எல்லாமே இருக்கிறது, அதை நினைக்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அதே இடத்தில் போய் முட்டுகிறது. பம்ப்பை நிறுத்தி, கழுத்து ஊசியில் இருந்து குழாயைப் பிரித்து, ஒரு மூடி போட்டு மூடினான். முட்டுக்கொடுத்த கம்பை எடுத்தால் கான்கிரீட் என்ன ஆகும் என்று அந்தக் கொத்தனாரிடம் கேட்டால் சொல்லியிருப்பார். அரைமணி நேரம் நிற்கும், ஒருமணி நேரம்கூட நிற்கும், அதற்குள் வீடு போய்விடலாம் என்று அவன் கணக்குப் போட்டான். ரயில்வே கேட்டை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு வருஷமாக என்ன படிக்கிறான் என்று அப்பா போனில் கேட்டால் என்ன சொல்வது? அப்பா உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவர், நேராகத்தான் கேட்பார். “ஊசி போட நாலு வருசம் படிச்ச, சரி. அதுக்கு மேல ரெண்டு வருசம் எதுக்குல? பெரிய ஊசியா?” படிப்பெல்லாம் மெஷினைப் பற்றித்தான் அப்பா. மானிட்டரில் பச்சைக்கோடு ஓடும், அதைப் படிக்கத் தெரிய வேண்டும், கோடு எப்போது பொய் சொல்லும் என்று தெரிய வேண்டும், எந்த அலாரத்துக்கு ஓட வேண்டும், எதற்கு நடந்தால் போதும் என்று தெரிய வேண்டும். இங்கே மானிட்டரும் இல்லை, கோடும் இல்லை. துடிப்பைக் காட்டக் கைவிரலில் மாட்டுகிற கிளிப் ஒன்று இருக்கிறது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். அதை மாட்டினால் நம்பருக்குப் பதில் இரண்டு சின்னக் கோடு காட்டுகிறது. விரல் சில்லிட்டிருந்தாலும் அந்தக் கோடுதான் வரும், ஆள் போய்விட்டாலும் அந்தக் கோடுதான் வரும். அந்தக் கிளிப்பைச் செய்தவன் நல்லவன், யாரையும் புண்படுத்த விரும்பாதவன்.

முதல் ரயில் போனது. சரக்கு ரயில். முடியவே முடியாத மாதிரி பெட்டி பெட்டியாகப் போனது, வண்டி அதிர்ந்தது, அந்த அதிர்வில் சீனிப்பாண்டியின் கழுத்தும் அதிர்ந்தது, ஜெரோமின் விரலுக்குக் கீழே துடிதுடிதுடியென்று ஒரு துடிப்பு, அவனுக்கு ஒரு வினாடி சந்தோஷமே வந்துவிட்டது. ரயில் போனதும் அதுவும் போய்விட்டது. தூ. லேபில் நடந்த மாதிரியே. முதல் வருஷம், ரப்பர் பொம்மையைப் படுக்கப் போட்டுத் துடிப்பு பார்க்கச் சொன்னார் ரெஜினா மேடம். பொம்மையின் கழுத்துக்குள் ஒரு டியூப், டியூப்பின் மறுமுனையில் ஒரு ரப்பர் பல்பு, மேடம் பல்பை அழுத்தினால்தான் துடிக்கும். அவன் விரலை வைத்து, முகத்தை ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக வைத்துக்கொண்டு, “இருக்கு மேடம், ஆனா வீக்கா இருக்கு,” என்றான். மேடம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பல்பு மேஜையில் கிடந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. “பொம்மைக்கே உயிர் குடுத்துட்டான்டி, இவனைக் கல்லறைத் தோட்டத்துல போஸ்டிங் போடுங்க மேடம்,” என்று பின்னால் இருந்து ஒருத்தி கத்தினாள். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கின பிறகு மேடம் கிட்டே வந்து அவன் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அழுத்தி வச்சா உன் துடிப்புதான் உனக்குத் தெரியும். இருக்கணும்னு ஆசைப்பட்டு வச்சா நிச்சயமா தெரியும்.” அதற்கு அன்றைக்கு அவ்வளவு அர்த்தம் இல்லை. இப்போது அவன் விரலைக் கொஞ்சம் தளர்த்தினான், மேடம் சொன்ன மாதிரி, இறகு வைக்கிற மாதிரி. தளர்த்தினால் ஒன்றுமே இல்லை. தோல் இருக்கிறது. காலையில் அவனே சவரம் செய்த தோல். குழாயைப் பிடிக்கிற பிளாஸ்திரி தாடியில் ஒட்டவில்லை என்று சோப்பு போட்டு, கழுத்து வரை வழித்து, வீட்டுக்குப் போகிறவர் நன்றாகப் போகட்டுமே என்று மீசையைக்கூட ஓரம் வெட்டிவிட்டான். அப்போது இந்தப் பள்ளம் அவன் கைக்குக் கீழே ஜிவ்வென்று துடித்தது. ரேசரை அதைச் சுற்றி ஓட்டினான். இப்போது அழுத்து. இருக்கிறது. தளர்த்து. இல்லை. அழுத்து, இருக்கிறது. இந்த விளையாட்டை எவ்வளவு நேரம் விளையாடுவது?

“தம்பி, நுங்கு வாங்கட்டா? உங்களுக்குத் தொண்டை வத்திருக்கும்.” பேச்சித்தாய். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தன் நுங்குக் குலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே. வேண்டாம்க்கா என்றான் ஜெரோம். “காலையில இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலையே. ஒரு கையாலதான அமுக்குறீங்க, இன்னொரு கையில வாங்கிக்கோங்க.” இன்னொரு கை கழுத்தில் இருக்கிறது. அவள் பார்வை அந்த இன்னொரு கையின் மேல் வந்து நின்றது, கழுத்தில் இருந்த இரண்டு விரலின் மேல். கேட்கப்போகிறாள். இப்போது கேட்கப்போகிறாள். கேட்டால் என்ன சொல்வான்? அவன் ஆராய்ச்சிக்கு எடுத்த தலைப்பே இவளைப் போன்றவர்களைப் பற்றித்தான், மூச்சுக்கருவியில் இருப்பவரின் குடும்பத்தாருக்கு உண்டாகும் பதற்றம். வராந்தாவில் இவளிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது: எப்போதும், அடிக்கடி, சில நேரம், ஒருபோதும் இல்லை, இதில் எது அக்கா? அவள் அவனையே பார்த்துவிட்டு, “பயம் என்ன பயம் தம்பி, செத்தா சாவட்டும். வெளிய கெடக்கக்கூடாது, அதான் பயம். அது உங்க கேள்வியில இருக்கா?” என்றாள். இல்லை. அப்புறம் அவளே சொன்னாள். அவள் மாமனார் ஆஸ்பத்திரியில் செத்தார். வெளியே போன உயிர் வெளியேதான், பிணம் நிலைப்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தெருவிலேயே கிடத்தினார்கள். ஐப்பசி மழை. தார்ப்பாய் கட்டினார்கள், தார்ப்பாய் ஒழுகியது, கிழவர் முகத்தில் சொட்டுச் சொட்டாக. அவர் வேலை செய்து வாங்கிய வீடு பத்தடி தூரத்தில் லைட் போட்டுக்கொண்டு நின்றது. சீனிப்பாண்டி தார்ப்பாயின் ஒரு மூலையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார், விடிகிறவரைக்கும். “அன்னைக்குச் சொன்னாரு தம்பி, ஏட்டி, என்னைய வெளிய போட்ராதன்னு. ஊரான் வீட்டுக்கெல்லாம் பூசினவரு. எங்க வீடு இன்னும் செங்கல்லாத்தான் நிக்கி. நிலை மட்டும் போன வருசம் வச்சாரு, வேம்பு. நிலைய வச்சுட்டு அதுல ஏறி நின்னு சிரிக்காரு, கிறுக்கு மாதிரி.” இதை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? அவன் சில நேரம் என்பதில் போட்டான். நடுவில் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அவள் கேட்கவில்லை. நுங்குக்காரனைக் கையசைத்து அனுப்பிவிட்டாள். பிறகு அவள் செய்ததை ஜெரோம் பார்த்தான், பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துக்கொண்டான். தேய்த்துக்கொண்டிருந்த பாதத்தில் அவள் உள்ளங்கை நின்றது. நின்றபடியே இருந்தது. அந்தப் பாதத்தை மெதுவாக மடியில் இருந்து இறக்கி வைத்து, போர்வையை இழுத்து விரல் நுனி வரைக்கும் மூடி, ஓரத்தைப் படுக்கைக்குக் கீழே செருகினாள். கையைத் தன் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். இவ்வளவு வெயிலில். அதற்கப்புறம் அவள் அந்தக் காலைத் தொடவே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியாமல் இருக்கத்தான் கையை எடுத்தாளா? சரி, சொல்லிவிடலாம். மேடம் சொன்ன மாதிரி அங்கேயே சொல்லிவிடலாம், அக்கா, முடிஞ்சுருச்சு. இரண்டு வார்த்தை. சொன்னால் பையை விடலாம், வலது கை கட்டைவிரல் மரத்துப்போய் நெடுநேரமாகிறது. சொன்னால் மைதீன் போனில் பெரியபாண்டிக்குச் சொல்வார், சீனிப்பாண்டியின் அண்ணன், ஊரில் வாசலில் காத்திருக்கிற ஆள். பெரியபாண்டி தெருவில் பந்தல் போடச் சொல்வார். வெயில் காலம், தார்ப்பாய் வேண்டியதில்லை. ஈ வரும். எம்.எஸ்ஸி. படிக்கிறவன் பொய் சொல்லலாமா? பொய் இல்லையே, தெரியவில்லை என்பதுதானே நிஜம். தெரியவில்லை என்றால் பார், கையை வை, முழுசாகப் பார், இறகு மாதிரி வை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதுதான் பொய். அப்படியானால். அப்படியானால் பார்க்காமல் இருந்தால். இரண்டாவது ரயில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது, சன்னல்களில் மனிதர்கள், ஒரு குழந்தை ஆம்புலன்ஸைப் பார்த்துக் கை ஆட்டியது. அந்தச் சத்தத்தில், யாருக்கும் வேறெதுவும் கேட்காத அந்தச் சத்தத்தில், ஜெரோம் இடது கையை சீனிப்பாண்டியின் கழுத்தில் இருந்து எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். கேட் திறந்தது.

அமுக்கு, விடு, பொறு. வண்டி இப்போது பறந்தது, மைதீன் சைரனையும் போட்டுவிட்டார், கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக்கிடந்தது, காற்றாலைகள் ஒன்று சுற்ற ஒன்று நிற்க. இடது கை தொடைமேல் சும்மா கிடந்தது, சும்மா கிடக்க அதற்குத் தெரியவில்லை, பேண்ட் துணியைக் கிள்ளியது. விரல் நுனியில் இன்னும் துடிக்கிறது பார், கழுத்தை விட்டு வந்த பிறகும். அப்படியானால் அங்கே துடித்ததும் இதுதான். இல்லை, அதற்காக அங்கே துடிக்கவில்லை என்று ஆகாது. ஆகும். ஆகாது. வாயோரம் கொஞ்சம் நுரை வந்தது, இளஞ்சிவப்பாக, ஜெரோம் சட்டைக் கையால் துடைத்தான். உறிஞ்சு கருவி இல்லை, இருந்தாலும் நுரையை எடுக்கக் கழுத்துப்பக்கம் குனியவேண்டும். கண்ணைப் பார்க்கலாமா? இமையை மூடிப் பஞ்சு ஒட்டியிருந்தான், கண் காயாமல் இருக்க, நல்லவேளை. அவன் கண்ணுக்கு இப்போது பை மட்டும்தான் தெரிந்தது, நீலப் பை, உள்ளே போகிற காற்று. எங்கிருந்து எங்கே வரைக்கும் செத்துப்போன ஆளுக்கு மூச்சு விட்டான் என்று நாளைக்கு மேடம் கேட்டால், கயத்தாறில் இருந்து மேடம், கேட்டில் இருந்து மேடம், தெரியாது மேடம். உனக்கு எதுதான் தெரியும்? சவரம் பண்ணத் தெரியும் மேடம். சிரிப்பு வந்தது, வாயை இறுக்கிக்கொண்டான், பேச்சித்தாய் அழுகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, “அழாதீங்க தம்பி, வந்துட்டோம்,” என்றாள். அவளைப் பார்த்து அவன் சொல்லவேண்டியதை அவள் அவனிடம் சொன்னாள். கோயில், டீக்கடை, பள்ளிக்கூடம், ஒரு திருப்பம். வண்டி நிற்பதற்குள்ளேயே தெரு திமுதிமுவென்று வந்து சூழ்ந்துகொண்டது.

கதவு திறந்ததும் அனல். செங்கல் வீடு, பூசாத சுவர், அதன் நடுவில் வேப்பமர நிலை மட்டும் மஞ்சள் பூசிப் பளபளவென்று, அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத மாதிரி. நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள், ஜெரோம் தலைமாட்டில், பையை அமுக்கிக்கொண்டே பக்கவாட்டில் நடந்தான், நண்டு மாதிரி. பெண்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றார்கள், இன்னும் அழக்கூடாது, அழுதால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். நிலைக்கு முன்னால் பெரியபாண்டி நின்றார், தம்பியைவிட உயரம், தோளில் துண்டு. கையை நீட்டித் தடுத்தார். “நில்லுங்கப்பா. ஏ தம்பி, டாக்டரா நீ?” “நர்ஸ்,” என்றான் ஜெரோம். “பெரிய படிப்பு படிக்க நர்சு, மாமா,” என்றார் மைதீன் பின்னால் இருந்து. “எந்தப் படிப்பும் படிக்கட்டும்வே. எங்க அப்பனையே நாங்க வெளிய வச்சோம். இவனுக்கு மட்டும் ஒரு நியாயமா? உசிரோட வந்தா எடுத்துட்டுப் போங்க, நானே தூக்குதேன். இல்லைன்னா இங்கன இறக்குங்க.” குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். நெஞ்சு ஏறியது, இறங்கியது. பெரியபாண்டியின் தாடை ஆடியது. அவருக்கும் ஆசைதான், அது தெரிந்தது, அவர் கண்ணே கெஞ்சியது, ஆனால் வாய் விடவில்லை. “அந்தப் பை காத்து இருக்கட்டும். கழுத்துல கைய வச்சுப் பாத்து, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உசிரு இருக்கா?”

பேச்சித்தாய் ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில், போர்வையின் ஓரத்தைக் காற்றில் விலகாமல் பிடித்துக்கொண்டு, நிலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனால் முடிந்திருக்காது. ரெஜினா மேடம் சொன்னது, இந்த மனுஷன் சொன்னது, இரண்டும் ஒரே வார்த்தை, கழுத்தில் கையை வை. அமுக்கு, விடு, பொறு. ஜெரோம் பெரியபாண்டியின் முகத்தைப் பார்த்தான். “இருக்கு,” என்றான். “சீக்கிரம் தூக்குங்க.” பெரியபாண்டி அதற்குமேல் ஒரு வினாடி நிற்கவில்லை, துண்டை வீசிவிட்டு, ஒருத்தனைத் தள்ளிவிட்டு, தம்பியின் தலைப்பக்கம் ஸ்ட்ரெச்சர் பிடியைத் தானே பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். நிலை குட்டை. கொத்தனார் தன் உயரத்துக்கு வைத்திருக்கிறார், தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தாரா என்ன? மேல்கட்டை தலையில் இடிக்கும் என்று தெரிந்ததும் ஜெரோமின் இடது கை தானாக எழுந்து சீனிப்பாண்டியின் நெற்றிக்கும் வேப்பங்கட்டைக்கும் நடுவில் போனது, கட்டை அவன் புறங்கையைச் சிராய்த்தது, உள்ளங்கை நெற்றியில் பட்டது, உள்ளே இருட்டாகக் குளிர்ச்சியாக இருந்தது, கழுத்து அந்தக் கைக்கு அரைச்சாண் கீழே, அவனே வழித்த கழுத்து, பளிச்சென்று. வைக்கவில்லை.